வேலை வாங்கும் விதம்: உங்களை நீங்களே கணக்கெடுப்பது எப்படி?

அத்தியாயம் 7

டெய்லராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர்களை மனதில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் பார்க்கும் பலர் அப்படி மேலே வந்தவர்கள். ஓவர்லாக்கில் கை வேகம் இருந்தது, ஆல்ட்டர் (திருத்தத் திரும்பி வரும் பீஸ்) குறைவாக வந்தது, ஒரு நாள் லைனையே கையில் கொடுத்துவிட்டார்கள். மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ஆட்களை வேலை வாங்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அதனால் தனக்கு மேலே இருந்தவர் எப்படி நடந்துகொண்டாரோ அப்படியே நடக்கிறோம். அவர்மேல் வெறுப்பு இருந்திருந்தால் நேர் எதிராக நடக்கிறோம். இந்த இரண்டில் எதையுமே நாம் யோசித்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஓர் ஆர்டர் லைனில் ஏறி இறங்கும் காலத்துக்குள், ஏறக்குறைய நான்கு வாரத்தில், இந்தப் பயிற்சியை முடித்துவிடலாம். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், வங்கிக் கிளை என்று எங்கே நாலு பேரை வேலை வாங்குகிறவராக இருந்தாலும் இதே படிகள் பொருந்தும். உதாரணங்களை மட்டும் தையல் லைனிலிருந்து எடுத்திருக்கிறேன்.

## தொடங்கும் முன்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, நாளுக்குப் பத்து நிமிடம். இவ்வளவு போதும்.

செல்போனில் எழுத வேண்டாம். போன் கை மாறும், வீட்டில் பிள்ளைகள் எடுப்பார்கள், பல கம்பெனிகளில் ஃப்ளோருக்குள் கொண்டுபோகவே விடமாட்டார்கள். நோட்டிலும் யார் பெயரையும் எழுதாதீர்கள். 'மெஷின் 9', 'மெஷின் 14' என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டு எங்காவது விழுந்து வேறு ஒருவர் கையில் கிடைத்தால், அடி வாங்கப்போவது நீங்கள் இல்லை. அதில் பெயர் இருக்கிறவர்.

குறிப்பு: இரவில் எழுதாதீர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வெளியே வரும்போது மனது நடுநிலையில் இருக்காது. பழியை எல்லாம் டெய்லர்மேல் போடுவோம், இல்லாவிட்டால் தன்மேலேயே போட்டுக்கொள்வோம். மறுநாள் காலை, லைன் ஓடத் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உட்காருங்கள். கோபம் இறங்கியிருக்கும், பேசிய வார்த்தை மறந்திருக்காது.

## படி 1: ஒரு வாரம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்

"நான் கொஞ்சம் கறாரான ஆள், ஆனா மனசு நல்லது." நோட்டைக் கையில் கொடுத்தால் முதல் வரியாக இதைத்தான் பலரும் எழுதுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. கறார், கனிவு, பொறுமை, கண்டிப்பு போன்ற சொற்கள் முதல் வாரம் நோட்டுக்குள் வரக்கூடாது. நாளுக்கு இரண்டு சம்பவம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்.

1. நேரமும் இடமும்.
2. என்ன நடந்தது என்று ஒரு வரி.
3. உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை, அதே சொற்களில்.
4. அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்தார்.

தப்பாக எழுதியது இப்படி இருக்கும்: "நெக் ரிப் போடுகிற பெண்ணுக்குக் கவனமே இல்லை. கூப்பிட்டுத் திருத்தினேன்."

சரியாக எழுதியது: "காலை 11.20. நெக்கில் சுருக்கம் என்று செக்கிங்கிலிருந்து 14 பீஸ் திரும்பி வந்தது. கட்டை மெஷின் 9 மேல் போட்டேன். 'கண்ணு எங்க இருக்கு?' என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பிரிக்க ஆரம்பித்தார். மெஷின் 10 அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஒரு மணி நேரத்தில் 9ஆம் மெஷினில் வழக்கத்தில் பாதிதான் ஓடியது."

இரண்டாவதில் கை வைக்க இடம் இருக்கிறது. கட்டு மெஷின்மேல் விழுந்தது. கேட்டது கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்குப் பதிலே கிடையாது. பக்கத்து மெஷினுக்கும் அந்தச் சூடு போய்ச் சேர்ந்தது. புரொடக்ஷன் குறைந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ரிப் துணி கட்டிங்கிலேயே அளவு குறைந்து வந்ததா என்று அந்த ஒரு மணி நேரமும் யாரும் அளந்து பார்க்கவில்லை. ரிப் நீளம் குறைந்தால் எவ்வளவு நல்ல டெய்லர் போட்டாலும் நெக் சுருங்கத்தான் செய்யும்.

அடிக்கடி நடக்கும் தவறு: மூன்றாவது விவரத்தில் வார்த்தையை மெருகேற்றி எழுதுவது. "கவனமாகத் தைக்கச் சொன்னேன்" என்று எழுதினால் அன்றைய பக்கம் வீண். கூச்சமாக இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். நோட்டைப் படிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான்.

## படி 2: நின்ற இடத்தைக் குறியுங்கள்

நோட்டின் நடுப்பக்கத்தில் லைனின் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கட்டம், செக்கிங் டேபிளுக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று. மணிக்கொரு தடவை போர்டில் புரொடக்ஷன் எழுதப் போவீர்கள் அல்லவா? அப்போது, கடந்த ஒரு மணி நேரத்தில் அதிக நேரம் எங்கே நின்றீர்களோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று நாள் செய்தால் போதும்.

புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்திருக்கும். பீஸ் தேங்குகிற மெஷின் பக்கம் குவிந்திருந்தால் அது வேலையின் தேவை. சொந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் குவிந்திருந்தால் அதை லைனில் எல்லாரும் எப்போதோ கவனித்திருப்பார்கள், உங்களுக்குத்தான் இன்று தெரிகிறது. புள்ளியே விழாத கட்டங்களை இன்னும் கூர்ந்து பாருங்கள். அந்த மெஷினுக்கு எப்போது போகிறீர்கள்? ஆல்ட்டர் வந்தால் மட்டும்தான் என்றால், உங்களைப் பார்த்ததும் அவருக்குக் கை நடுங்குவதில் ஆச்சரியம் இல்லை.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மேலாளரை அதற்குள் மணிக்கணக்கில் நின்று வேலையைக் கவனிக்கச் சொல்வாராம். உங்களுக்கு அத்தனை நேரம் கிடைக்காது. புள்ளி விழாத கட்டத்துக்குப் பக்கத்தில், குறை எதுவும் சொல்லாமல், ஐந்து நிமிடம் நின்று வாருங்கள்.

அதே மூன்று நாளில் ஏதாவது இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்து, இவற்றுக்குக் கோடு போட்டு எண்ணுங்கள்:

- பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி
- போட்ட உத்தரவு
- பெயர் சொல்லி அழைத்தது
- பெயர் சொல்லாமல் அழைத்தது

நான்காவது வரியில் நேரம் செலவிடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்கள் லைனில் உட்கார்ந்திருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா, 'ஏய், ஹிந்தி' என்றா? வயதில் மூத்த டெய்லரிடம் 'சொல்லுங்க' என்று பேசிவிட்டு, அதே வயதுள்ள கைமடி அக்காவிடம் 'வா, போ' என்கிறீர்களா? சாதி, சொந்த ஊர், மொழி ஆகிய மூன்றும் நாக்கு வழியாக வெளியே வந்துவிடும், மனதுக்குள் அப்படி ஒன்றும் இல்லை என்று நாம் நம்பிக்கொண்டிருந்தாலும். எண்ணிப் பார்த்தால் மறைக்க முடியாது.

## படி 3: ஊசி உடைந்தால் உங்கள் லைனில் என்ன நடக்கிறது?

இந்த ஒன்றைச் சரியாகக் கவனித்தாலே உங்கள் விதத்தில் பாதி தெரிந்துவிடும்.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன முறை என்று உங்களுக்குத் தெரியும். மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்களைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். அந்தத் துண்டு ஏதோ ஒரு குழந்தையின் உடுப்பில் போய்க் குத்தக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும்.

இந்த முறை முழுவதும் ஒரே ஒரு நொடியை நம்பியிருக்கிறது: உடைந்தது என்று டெய்லர் வாய் திறந்து சொல்கிற நொடி. டார்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தினால் திட்டு விழும் என்ற பயம் இருந்தால், துண்டைக் காலால் தள்ளிவிட்டு, எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்த ஊசியை மாட்டிக்கொள்வார்கள். மெட்டல் டிடெக்டர் கடைசிக் காவல். அதற்கு முந்தைய காவல் நீங்கள்.

"அண்ணா, ஊசி ஒடஞ்சிருச்சுங்ணா."

இதைக் கேட்டதும் உங்கள் வாயில் முதலில் வருவது எது? "எப்படி ஒடச்சே?" என்றால் அடுத்த ஊசி உங்களுக்குத் தெரியாமல் உடையும். "கையில படலையே? எல்லாத் துண்டும் கெடச்சுதா, அம்மிணி?" என்றால் அடுத்ததும் உங்களிடம் வரும். காரணத்தைக் கேட்கக் கூடாதா என்றால், கட்டாயம் கேட்க வேண்டும். துண்டெல்லாம் கிடைத்து, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊசி நம்பர் துணிக்குப் பொருந்தாமலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை:

1. சென்ற மாத ஊசி ரெஜிஸ்டரை எடுத்து, உங்கள் லைனின் எண்ணிக்கையைப் பாருங்கள்.
2. இதே துணி, இதே மாதிரி மெஷின்கள் உள்ள பக்கத்து லைனோடு ஒப்பிடுங்கள்.
3. உங்கள் எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது யோசனை தலைகீழாகத் தோன்றும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். தலைமை நன்றாக இருக்கும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு கணக்குப் பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அந்தச் செவிலியர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, நடந்த தவறை வெளியே சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். மருந்துக்கு எது உண்மையோ ஊசிக்கும் அதுதான்.

வேறு சில அடையாளங்களையும் பார்த்துவையுங்கள். நீங்கள் வரும்போது பேச்சு சட்டென்று நிற்கிறதா? எதைச் சொன்னாலும், முழுதாகக் கேட்கும் முன்பே "சரிங்ணா" வருகிறதா? லீவு வேண்டுமென்றால் உங்களிடம் கேட்கிறார்களா, கேட்காமலே நின்றுவிடுகிறார்களா?

## படி 4: கேளுங்கள், ஆனால் நேராகக் கேட்காதீர்கள்

நம்மைப் பற்றி நமக்குத் தெரியாமல் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பகுதி உண்டு. ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955இல் வரைந்த 'ஜோஹாரி ஜன்னல்' என்ற படத்தில் அதற்கு ஒரு தனிக் கட்டமே இருக்கிறது. அந்தக் கட்டத்தை நோட்டு எழுதி நிரப்ப முடியாது, மனிதர்களிடம்தான் போக வேண்டும். போகும் விதம் தப்பினால் மொத்த முயற்சியும் கெடும் என்பதால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

"என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். சனிக்கிழமை சம்பளமும், ஷிப்ட் போடுவதும் உங்கள் வாய்ச்சொல்லை ஒட்டி இருக்கும்போது, "நல்லவருங்ணா" என்பதைத் தவிர அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்?

யாரிடம் கேட்பது

மூன்று நான்கு பேர் போதும். செக்கிங்கில் இருக்கும் மூத்தவர் ஒருவர். பல வருடம் பல சூப்பர்வைசர்களைப் பார்த்த ஒரு டெய்லர். மெக்கானிக், ஏனென்றால் அவர் எல்லா லைனுக்கும் போகிறார், நீங்கள் திட்டிய பிறகு அந்த மெஷினில் என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் விழுந்திருக்கும். வடமாநிலத் தொழிலாளர்களில் ஒருவரையும் கட்டாயம் சேருங்கள். மொழிபெயர்க்க கான்ட்ராக்டரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் எதிரில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது

1. தனியாகக் கேளுங்கள், ஆனால் மூடிய அறைக்குள் அழைக்காதீர்கள். டீ நேரத்தில், மற்றவர் கண்ணில் படும் இடத்தில், காதில் விழாத தூரத்தில் பேசுங்கள். ஒரு பெண் தொழிலாளியை ஆண் சூப்பர்வைசர் தனி அறைக்கு அழைப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம்.
2. வேலையை வைத்துக் கேளுங்கள்: "லைன் நல்லா ஓடணும்னா, நான் செய்யறதுல எதை நிறுத்தலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."
3. உடனே பதில் வராது. "நாளைக்குச் சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள்.
4. பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "அன்னைக்கு ஷிப்மென்ட் இருந்துச்சு, அதனாலதான்..." என்று தொடங்கினால் அவர் அதோடு நிறுத்திக்கொள்வார். "சரிங்க, யோசிக்கிறேன்" என்ற அளவில் முடியுங்கள்.
5. சொன்னது யார் என்று அவருடைய நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லாதீர்கள்.
6. ஒரு வாரத்துக்குள், சொன்னவற்றில் ஒன்றையாவது செய்து காட்டுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட, கேட்காமலே இருந்திருக்கலாம்.

துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் போடச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முப்பது பேர் உள்ள லைனில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே நிறுத்துங்கள்: இப்படிக் கேட்கும்போது, யாரோ ஒருவர் தவறாகத் தொடுகிறார், அசிங்கமாகப் பேசுகிறார் என்ற செய்தி வந்தால், அது உங்கள் சுயபரிசோதனைக்குள் அடங்கும் விஷயம் இல்லை. நீங்களே விசாரித்துச் சமாதானம் செய்து வைக்கவும் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம் என்பதையும், அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லுங்கள். எழுத உதவி கேட்டால் ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய பெயரை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

## படி 5: நீங்கள் இல்லாத பத்து நிமிடம்

கர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் 1930களின் இறுதியில் அமெரிக்காவில் சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதட்டி வேலை வாங்கியவரின் குழு, அவர் அறையில் இருக்கும்வரை வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தியவரின் குழு, அவர் போன பிறகும் தொடர்ந்தது.

உங்கள் லைனில் இதைச் சோதிப்பது சுலபம். ஸ்டோருக்கோ கட்டிங்குக்கோ போய்ப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். மறைந்து நின்று பார்க்காதீர்கள், அது ஒற்றுவேலை. திரும்பி வந்ததும் மூன்றை மட்டும் பாருங்கள்: பீஸ் எங்கே தேங்கியிருக்கிறது, தேக்கத்தைக் கண்டு யாராவது கை கொடுத்தார்களா, சந்தேகம் வந்தவர் உங்களுக்காக மெஷினை நிறுத்திக் காத்திருந்தாரா. காத்திருந்தார் என்றால் முடிவெடுக்கும் வேலையை முழுவதும் உங்களிடமே வைத்திருக்கிறீர்கள்.

அதற்காக எல்லாரையும் ஒரே மாதிரி விட்டுவிடவும் முடியாது. பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் 1969இல் சொன்ன யோசனை இன்றும் லைனில் செல்லுபடியாகிறது: வேலை பழகாதவருக்கு அடிக்கு அடி சொல்லிக்கொடுக்க வேண்டும், பழகியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதை ஆளுக்கு ஆள் பார்ப்பது போதாது, வேலைக்கு வேலை பார்க்க வேண்டும். பதினைந்து வருடம் ஓவர்லாக் ஓட்டியவரை பேட்லாக்கில் பாட்டம் ஹெம் போட உட்காரவைத்தால், அந்த மெஷினில் அவர் புதியவர். "இத்தனை வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பது அநியாயம். மாறாக, தினமும் அதே தோள் தையலைத் தவறில்லாமல் போடுகிறவரின் தலைக்குமேல் நிற்பதும் அவரை அவமதிப்பதுதான்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மெஷின் எண்ணும் இன்றைய வேலையும். வலப்பக்கம் 'சொல்லிக்கொடு', 'கேள்', 'விடு' என்ற மூன்றில் ஒன்று. முதல் வாரத்தில் எழுதிய சம்பவங்களோடு ஒப்பிடுங்கள். 'விடு' என்று எழுத வேண்டியவரிடம் அதட்டியிருக்கிறீர்களா? 'சொல்லிக்கொடு' என்று எழுத வேண்டியவரை அம்போவென்று விட்டிருக்கிறீர்களா?

## படி 6: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இதற்குள் திருத்த வேண்டியவை ஏழெட்டு கண்ணில் பட்டிருக்கும். எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கினால் புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், செயலாக எழுதுங்கள். "இனி கோபப்பட மாட்டேன்" என்பது செயல் இல்லை. "ஆல்ட்டர் கட்டு வந்தால் மெஷின்மேல் போடாமல், ஒரு பீஸை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று காட்டுவேன்" என்பது செயல்.

அதற்குக் கீழே, இதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதையும் எழுதித் தேதி போடுங்கள். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர், முக்கிய முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி எதிர்பார்ப்பை எழுதிவைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடச் சொன்னார். லைனில் அத்தனை காத்திருக்க வேண்டாம். ஆர்டர் முடிகிற அன்று ஒப்பிடுங்கள்.

செய்யக்கூடாதவை

- "நாளையிலிருந்து நான் மாறப்போறேன்" என்று லைனைக் கூட்டி அறிவிக்காதீர்கள். அறிவித்த நிமிடத்திலிருந்து எல்லாரும் நீங்கள் சறுக்குவதை எண்ணத் தொடங்குவார்கள்.
- மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் திட்டிய இடத்திலேயே கேளுங்கள். எல்லார் காதிலும் விழத் திட்டிவிட்டு, மாடிப்படியில் ரகசியமாக "மனசுல வச்சுக்காதீங்க" என்றால், திட்டு மட்டும்தான் லைனில் நிற்கும்.
- கனிவு என்று எண்ணி டார்கெட்டை மறைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குள் முடியாது என்று தெரிந்த வேலையைக் காலையிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.

புரொடக்ஷன் மேனேஜர் உங்களைத் திட்டினால்? மேலிருந்து வந்ததை அப்படியே கீழே இறக்கிவிடுவதுதான் லைனில் மிகப் பழைய நோய். திட்டு வாங்கியதும் நேராக லைனுக்குள் போகாதீர்கள். போர்டுவரை நடந்து, எந்த வேலையில் எத்தனை பீஸ் பின்தங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் லைனுக்குள் கொண்டுபோங்கள்.

ஆர்டர் முடிந்த அன்று நோட்டைத் திறந்து மூன்று வரி எழுதுங்கள்: எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, படி 4இல் நீங்கள் கேட்ட அந்த மூன்று நான்கு பேரில் யாராவது வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னார்களா. மாற்றம் பிடிபட்டிருந்தால் அடுத்த ஆர்டருக்கு, திருத்த வேண்டிய மற்றவற்றில் ஒன்றை எடுங்கள். பிடிபடவில்லை என்றால் அதே ஒன்றை இன்னும் சின்னதாக உடையுங்கள். நாள் முழுவதும் முடியாவிட்டால், காலை டீ வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.